வரைபடத்தில் படகு நிற்கும் இடம் எல்லாமே ‘துறைமுகம்’தானா?

அலையாத்தி:
யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நம் கடற்கரை ஊர்களுக்குத் தமிழ்ப் பெயர் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ராமேஸ்வரத்தில் ஆரம்பித்து கன்னியாகுமரி வரை வந்தாயிற்று, இப்போது ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். அந்தத் தளத்தில் போர்ட், ஹார்பர், பியர் (தண்ணீருக்குள் நீட்டிய படகு மேடை, அதாவது ஜெட்டி), மரீனா என்று ஒவ்வொன்றும் தனித்தனி வகை. எனக்கு முன்னால் வந்த யாரோ ஒரு புண்ணியவான் எல்லாவற்றுக்கும் ‘துறைமுகம்’ என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார். விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏறும் இடமும் துறைமுகம், தூத்துக்குடியில் நிலக்கரிக் கப்பல் வரும் இடமும் துறைமுகம், மணலில் நாலு ஃபைபர் படகை இழுத்துப் போட்டிருக்கும் இடமும் துறைமுகம். அகராதியைத் திறந்தால் வாயில் நுழையாத சொற்கள்தான் வருகின்றன. அந்தந்த ஊர்க்காரர்கள் என்ன சொல்வார்களோ அதைப் போட ஆசை. தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

முட்டம்காரன்:
மணலில் இழுத்துப் போட்ட இடத்துக்கு வகையே வேண்டாம் தம்பி, அது வெறும் கரை. கட்டுமரமும் வள்ளமும் கட்டிப்போடும் சாமான் இல்லை, அலையோடு வந்து கரை ஏறும், நாலு பேர் சேர்ந்து மேலே தள்ளி வைப்பார்கள், அவ்வளவுதான். கட்டுமரம் என்றால் கயிற்றை அவிழ்த்துத் தடியைத் தனித்தனியாகக் காயவும் போட்டுவிடலாம். விசைப்படகு வந்த பிறகுதான் கட்டி நிறுத்த ஆழம் வேண்டும், அலையை மறைக்கச் சுவர் வேண்டும் என்று ஆனது. சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் இதெல்லாம் அந்த வகை. எழுத்தில் ‘மீன்பிடித் துறைமுகம்’, பேச்சில் எல்லாருக்கும் ‘ஹார்பர்’.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். கடலுக்குள் கல் கொட்டி நீட்டியிருப்பதை எல்லாம் ஹார்பர் சுவர் என்று வரைந்துவிடாதீர்கள். பல ஊர்களில் அது தூண்டில் வளைவு. கடல் கரையை அரிக்காமல் இருக்கப் போடுவது, நுனி வளைந்திருப்பதால் அந்தப் பெயர். படகைக் கட்டி நிறுத்துவதற்கென்று போட்டது இல்லை. அப்புறம் ‘மீன் இறங்குதளம்’ என்று அரசுப் பலகை இருக்கும். சில இடத்தில் அங்கே படகு அணைய ஜெட்டியே இருக்கும், சில இடத்தில் கூரை போட்ட ஏலக்கூடம் மட்டும் கரையில் நிற்கும். மேலிருந்து எடுத்த படத்தைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

பழையதோணி:
தூத்துக்குடிக்கு ஒரே புள்ளி போதாது. 1974-ல் திறந்த வ.உ.சி. துறைமுகம் வேறு, ஊருக்குள் இருக்கும் பழைய துறைமுகம் வேறு. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் தோணிகள் பழைய இடத்தில்தான் நிற்கும். புதுத் துறைமுகத்துக்குள்ளே கப்பலைக் கட்டி நிறுத்தும் ஒவ்வொரு இடத்துக்கும் எண் போட்டு ‘சரக்குத் தளம்’ என்று செய்தித்தாளில் எழுதுவார்கள், வேலை செய்பவர்கள் ‘பெர்த்’ என்பார்கள். ‘கப்பல் தளம்’ என்று சுருக்கினால் கப்பல் கட்டும் தளத்தோடு குழம்பிவிடும், அதனால் நான் ‘சரக்குத் தளம்’ என்றே போடுவேன்.

நங்கூரம் போடும் இடத்தை நீங்கள் கேட்கவே இல்லை, அதுவும் தனி வகைதான். புதுத் துறைமுகம் வருவதற்கு முன் இங்கே கடல் ஆழம் போதாது, பெரிய கப்பல் சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும், தோணிதான் போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வரும். சென்னையும் அப்படித்தான் இருந்தது. கோட்டை கட்டி இருநூறு வருஷத்துக்கு மேல் கப்பலைக் கட்டி நிறுத்த ஒரு சுவர்கூட இல்லை. வெளியே நின்ற கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் மசூலாப் படகில் அலை தாண்டி வரவேண்டும். 1861-ல் இரும்புப் பாலம் ஒன்றைக் கடலுக்குள் நீட்டினார்கள். 1876-ல் சுவர் வேலை தொடங்கி, 1881 புயலில் அது சிதறி, மறுபடியும் கட்டினார்கள். ஆனால் அந்த இருநூறு வருஷமும் சென்னை துறைமுகம்தான்! அதனால் போர்ட்டுக்குத் துறைமுகம் என்பதை மாற்றாமல் அப்படியே விட்டுவிடுங்கள். நங்கூரமிடும் பகுதியை ‘கப்பல் நங்கூரமிடும் பகுதி’ என்று நீட்டியே எழுதலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

தீவகத்தான்:
யாழ்ப்பாணப் பக்கமும் வரப்போகிறீர்கள் என்றால் ஒரு வேண்டுகோள். இங்கே ‘இறங்குதுறை’ என்பது எல்லோரும் கதைக்கும் சொல். நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போவதென்றால் குறிகட்டுவான் இறங்குதுறையில்தான் படகு ஏற வேண்டும். ‘ஜெற்றி’ என்றும் சொல்லுவோம், ‘ஜெட்டி’ என்று எழுதினால் எங்களுக்கு இந்தியக்காரர் எழுதியது என்று உடனே தெரிந்துவிடும். காங்கேசன்துறை என்றால் துறைமுகம்தான், 2023 ஒக்ரோபரில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வந்தது அங்கேதான்.

இன்னொன்று, காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ‘பாதை’ என்று யாராவது குறித்திருந்தால் தயவுசெய்து அதைத் தெருவாக மாற்றிவிட வேண்டாம். வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் மிதவைக்குத்தான் எங்களிடம் பாதை என்று பெயர்.

கரையோரக்_கிறுக்கன்:
கடலை விட்டு உள்ளே வந்தால் ஒகேனக்கல் மாதிரி இடத்தில் பரிசல்துறை, ஊட்டி, ஏற்காடு ஏரிகளில் படகு இல்லம். ‘துறை’ என்று தேடி மொத்தமாக மாற்ற நினைத்தால் வேண்டாம், மயிலாடுதுறையில் போய் ஜெட்டி வைத்துவிடுவீர்கள், அது காவிரியில் குளிக்கும் துறை. மரீனா வகையை யாராவது சென்னைக் கடற்கரைக்குப் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். வெளிநாட்டில் மரீனா என்றால் பணக்காரர்கள் உல்லாசப் படகைக் கட்டி நிறுத்தும் இடம், நம்முடையதில் கட்டியிருப்பது பஜ்ஜிக் கடைகள்தான்.

அலையாத்தி:
எல்லாருக்கும் நன்றி. பாதை விஷயம் நல்லவேளை சொன்னீர்கள் ஐயா, அதைச் சாலை என்று மாற்ற இருந்தேன். ஜெற்றி என்றே இலங்கைப் பக்கம் எழுதுகிறேன். முட்டம் அண்ணே, விவேகானந்தர் பாறை படகுக்கு மட்டும் ஒரு முடிவு சொல்லுங்கள்.

முட்டம்காரன்:
படகுத்துறை. பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்துப் படகு அங்கிருந்துதான் போகிறது. பேச்சில் போட் ஜெட்டி. பாறைப் பக்கமும் ஒன்று வரைய வேண்டும், மறந்துவிடாதீர்கள்.