கண்காட்சி ஸ்டாலுக்கு நிறம் மாறும் எல்இடி: யோசனை வேண்டும்

நண்பர்களே, வணிகக் கண்காட்சியில் 3 மீட்டர் அகல ஸ்டாலுக்கு விளக்கு அமைக்கிறேன். பின்சுவரைச் சுற்றி ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் கலந்து நிறம் தரும்) எல்இடி பட்டை. செயல்விளக்கத்தின்போது நீலம், மற்ற நேரம் நிறம் மெதுவாக மாற வேண்டும். பொருள்களுக்கு மட்டும் சாதா வெள்ளை விளக்குதான். வண்ண ஒளி பட்டால் அவற்றின் நிறமே வேறாகத் தெரிகிறது.

5 வோல்ட் பட்டையில் வெள்ளை போட்டால் கடைசிப் பகுதி சிவந்துவிடுகிறது. மின்னழுத்தம் குறைந்தால் நீலமும் பச்சையும் முதலில் மங்கும், சரி. இரு முனையிலும் மின்சாரம் கொடுத்தால் போதுமா, 24 வோல்ட்டுக்கே போய்விடலாமா?

அப்புறம், செல்போனில் வீடியோ எடுத்தால் கருப்புக் கோடுகள் ஓடுகின்றன. பிடபிள்யூஎம் (விளக்கை வேகமாக அணைத்து எரியவிட்டு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் முறை) அதிர்வெண் குறைவு போல. அது அதிகமுள்ள பட்டை, கன்ட்ரோலர் பயன்படுத்தியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். 512 சேனல் டிஎம்எக்ஸ் (மேடை விளக்குகளைக் கட்டுப்படுத்தும் முறை) இந்தச் சின்ன இடத்துக்கு ரொம்ப அதிகமோ?