பின்ன வகுத்தல்: "தலைகீழாக்கிப் பெருக்கு" போதுமா?

கேள்வி: ஆறாம் வகுப்பில் 1¾ ÷ ½ நடத்தணும். விதிப்படி விடை 3½. "ஏன் தலைகீழாக்கணும்?" என்று பிள்ளைகள் கேட்டால்?

பதில் 1: 1¾ லிட்டர் பாலை அரை லிட்டர் பாக்கெட்டுகளில் ஊற்றச் சொல்லுங்கள். மூன்று நிறையும், மிச்சம் ¼ லிட்டர், அதாவது பாதிப் பாக்கெட். "இரண்டு பேருக்குச் சமமாகப் பங்கிடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது ÷ 2, விடை ⅞. ஆசிரியர்களே அதிகம் சறுக்கும் இடம் இது.

பதில் 2: சில பிள்ளைகள் 3¼ என்று எழுதுவார்கள். மிச்சத்தை லிட்டரில் எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது பாக்கெட்டில். இந்தத் தவறை முன்கூட்டியே எதிர்பார்க்கும் அறிவைத்தான் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986இல் ஆசிரியருக்கு வேண்டிய அறிவில் தனி வகையாகப் பிரித்துச் சொன்னார். பட்டப்படிப்புக் கணிதம் மட்டும் இதைத் தராது.

பதில் 3: காரணம் எளிது. ஒரு லிட்டரில் இரண்டு அரை லிட்டர். எனவே 1¾ × 2. அடுத்து ÷ ¾ கொடுங்கள்: ஒன்றுக்குள் ¾ எத்தனை முறை? 4/3 முறை.