மல்லிகாவுக்குத் தெரியக் கூடாத குழு

*சனிக்கிழமை, ஆஸ்டின் நேரம் காலை 7.40*

சுந்தர்: அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் மல்லிகாவுக்கு ஐம்பதாவது பிறந்தநாள் என்பதால், அவளைச் சேர்க்காமல் இந்தக் குழுவைத் தொடங்கியிருக்கிறேன். தோள்பட்டை இறுகிப்போன நாளிலிருந்து அவளால் துடுப்புப் போட முடியவில்லை. ஆனாலும் லேடி பேர்ட் ஏரிக்கரையில் நடக்கும்போதெல்லாம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வருகிறாள். காலால் மிதித்து ஓட்டும் கயாக் ஒன்று பழையதாக விற்பனைக்கு வந்திருக்கிறது. ஹோபி அவுட்பேக், 2019 மாடல் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறது. விலை 1,400 டாலர். மதியம் பார்க்கப் போகிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று அத்தான் சொன்னால் உதவியாக இருக்கும்.

சுமதி அக்கா: அத்தானிடமே கேட்டுவிட்டாயா? இனி மதியம் வரை உனக்கு வேறு வேலை ஓடாது.

கண்ணன்: உண்மையில் யாருக்கு வாங்குகிறாய் என்பதை முதலில் சொல்லிவிடு, அண்ணா.

பெரியப்பா: இந்தக் குழுவிலும் முழு வாக்கியமாகவே எழுதுங்கள், கட்டைவிரல் படங்கள் வேண்டாம். தம்பி சுந்தர், இது நம் ஒகேனக்கல் பரிசல் மாதிரியானதா?

சுந்தர்: இல்லை பெரியப்பா, இது நீளமானது. ஒருவர் மட்டும் உட்கார்ந்து போகலாம்.

அத்தை: ஒருவர் மட்டும் என்றால் அவளைத் தனியாகவா தண்ணீரில் அனுப்பப் போகிறாய்?

அத்தான்: மாப்பிள்ளை, இதை முழுவதும் படித்துவிட்டுக் கிளம்புங்கள். பழைய பெடல் கயாக்கில் நாம் காசு கொடுப்பது பிளாஸ்டிக் உடலுக்கு அல்ல, நடுவே குழியில் செருகும் டிரைவுக்குத்தான், அதாவது மிதிகளோடு சேர்ந்து படகைத் தள்ளும் பொறிக்குத்தான். ஹோபி நிறுவனம் 1997இல் கொண்டுவந்த மிராஜ் டிரைவில் சுழலும் விசிறி கிடையாது. படகின் அடியில் ஃபின் எனப்படும் இரண்டு தட்டையான துடுப்புகள் பென்குயின் சிறகைப் போல இடமும் வலமுமாக வீசிப் படகைத் தள்ளுகின்றன. ஆழம் குறைந்த இடத்தில் ஒரு மிதியை முழுவதும் முன்னால் தள்ளி வைத்தால் இரண்டு ஃபின்களும் படகின் வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். ஏரியில் நீர்ச்செடிகள் மண்டும் காலத்தில், விசிறி வைத்த கயாக்கைவிட இது தொல்லை குறைவு. ஒவ்வொரு ஃபின்னுக்குள்ளும் மாஸ்ட் என்று ஓர் எஃகுக் கம்பி ஓடுகிறது. பாறையிலோ மூழ்கிய மரத்திலோ மோதியிருந்தால் முதலில் வளைவது அதுதான். டிரைவைக் கழற்றிக் கையில் வைத்து மிதிகளை மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஃபின்கள் இரண்டும் ஒரே அளவுக்குச் சாய வேண்டும், சங்கிலி தொய்யக் கூடாது.

அடுத்து உடல். அது பாலிஎத்திலின் என்பதால் விரிசல் விழுந்த இடத்தில் சாதாரணப் பசை நிற்காது. அதே பிளாஸ்டிக்கை உருக்கித்தான் பற்றவைக்க வேண்டும். டிரைவ் குழியைச் சுற்றியும், தண்ணீர் வடியும் துளைகளின் ஓரத்திலும் விரலால் தடவிப் பாருங்கள். நிழலான இடத்தில் நிறுத்தி, படகின் மேல்மூடியைத் திறந்து டார்ச்சை உள்ளே வைத்தால், விரிசல் இருக்கும் இடத்தில் வெளிச்சக் கோடு தெரியும். பின்பக்கம் வலது மூலையில் பன்னிரண்டு எழுத்தும் எண்ணுமாக உடல் அடையாள எண் பொறித்திருப்பார்கள். அதன் கடைசி இரண்டு இலக்கம் மாடல் ஆண்டு. விளம்பரத்தை நம்பாதீர்கள், அதை நம்புங்கள்.

கண்ணன்: நான் பாதி படித்துவிட்டேன், மீதியை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கிறேன்.

சுமதி அக்கா: எங்கள் கராஜில் காருக்கு இடமில்லாமல் போன கதை இப்போது எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

அத்தை: லைஃப் ஜாக்கெட் உண்டா, இல்லையா என்பதை யாரும் சொல்லவில்லையே? எங்கள் காலத்தில் கிணற்றில் இறக்குவதற்கு முன் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டாமல் விடமாட்டார்கள்.

அத்தான்: டெக்ஸஸ் சட்டப்படி கயாக்கில் ஆளுக்கு ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், அத்தை; பதின்மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் அணிந்தே ஆக வேண்டும். ஆனால் மல்லிகா அணிந்துகொண்டுதான் ஏற வேண்டும் என்பது என் கட்சி. முதுகுப் பக்கம் மேல்பாதியில் மட்டும் பஞ்சு வைத்த வகையாகப் பாருங்கள். இல்லையென்றால் சாய்வு நாற்காலியில் முதுகு ஒட்டாது.

சுந்தர்: அதையும் சேர்த்துக்கொள்கிறேன். வாங்கிய பிறகு நான் செய்ய நினைத்திருப்பவை: மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் திரை, தூண்டில் செருகும் குழாய்கள், நங்கூரக் கயிறு, முடிந்தால் பின்னால் சிறிய மின்மோட்டார்.

கண்ணன்: மதினி எப்போதிலிருந்து மீன் பிடிக்கிறார்?

சுமதி அக்கா: போன முறை பிறந்தநாளுக்கு என்று சொல்லி வாங்கிய டிரெட்மில்லில் இன்றுவரை உன் சட்டைகள்தானே காய்கின்றன?

சுந்தர்: அக்கா, அதை இங்கே எதற்கு இழுக்கிறீர்கள்?

அத்தான்: மோட்டாரை மறந்துவிடுங்கள், மாப்பிள்ளை. வெறும் கயாக்குக்கு டெக்ஸஸில் பதிவு தேவையில்லை. மோட்டார் வைத்த நிமிடமே பதிவு எண், கட்டணம் எல்லாம் வந்துவிடும்.

பெரியப்பா: நடுவே ஒரு செய்தி. நம் வீட்டுப் புதுமனை புகுவிழாவை ஆவணியில் வைத்திருக்கிறோம். அம்மாவின் குத்துவிளக்கு யாரிடம் இருக்கிறது?

சுமதி அக்கா: யாரிடம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், பெரியப்பா. அவர் இந்தக் குழுவில் இல்லை.

அத்தை: இருபது வருடம் ஆகிவிட்டது, அதை இன்று எடுக்க வேண்டாம். படகை முடியுங்கள்.

*மதியம் 1.15*

சுந்தர்: பார்த்துவிட்டேன், படங்களைப் போட்டிருக்கிறேன். அளவு நாடாவில் நீளம் 12 அடி 1 அங்குலம் வருகிறது. அடையாள எண் 16இல் முடிகிறது. தனக்கு விற்றவர் 2019 என்று சொன்னதாக இவர் சொல்கிறார்.

அத்தான்: 2019இல் அவுட்பேக்கின் வடிவத்தையே மாற்றி 12 அடி 9 அங்குலம் ஆக்கினார்கள். ஆகவே நாடாவும் எண்ணும் ஒரே சாட்சிதான் சொல்கின்றன. மூன்றாவது படத்தில் இடது ஃபின்னைப் பாருங்கள். நுனி நேராக இல்லாமல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. மாஸ்ட் வளைந்திருக்கிறது. அதை மாற்றுவது எளிது, பெரிய செலவும் இல்லை. எனவே அது பேரம் பேசத்தான் உதவும். எனக்கு உறுத்துவது வேறு. 2016இன் டிரைவ் முன்னால் மட்டுமே போகும். பின்னாலும் மிதித்து வரும் 180 டிரைவ் அதற்கு அடுத்த மாடல் ஆண்டில்தான் வந்தது. கரையோர மரக்கிளைக்குள்ளோ படகுத்துறை மூலையிலோ மூக்கை நுழைத்துவிட்டால், வெளியே வர மல்லிகா துடுப்பைத்தான் எடுக்க வேண்டும். எந்தத் தோளுக்காகக் காலால் மிதிக்கும் படகு தேடினோமோ அந்தத் தோளுக்கே வேலை வைப்பதாகும் அது. 180 டிரைவைப் புதிதாக வாங்கிப் பொருத்தலாம், ஆனால் அதற்கே இந்தப் படகின் விலையில் பாதிக்கு மேல் ஆகிவிடும்.

சுந்தர்: 1,050 டாலருக்கு இறங்கி வந்திருக்கிறார். ஐந்து மணிக்கு வேறு ஒருவர் வருகிறாராம்.

கண்ணன்: அந்த ‘வேறு ஒருவர்’ எல்லாப் பழைய சாமான் வியாபாரத்திலும் ஐந்து மணிக்குத்தான் வருகிறார்.

அத்தை: சுந்தர், கோபித்துக்கொள்ளாதே. நான் மல்லிகாவிடம் எதுவும் சொல்லவில்லை. நாற்பது ஐம்பது கிலோ சாமானை அவளால் தனியாகக் காரில் ஏற்ற முடியுமா என்று மட்டும்தான் போனில் கேட்டேன்.

சுந்தர்: அத்தை!

அத்தை: சுந்தர் ஊரில் இல்லாத நாட்களில் தானே எடுத்துப்போகிற மாதிரி இருந்தால்தான் எந்தச் சாமானும் தனக்கு வேண்டும் என்றாள். எதைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவள் கேட்கவே இல்லை.

சுமதி அக்கா: கேட்கவில்லை என்றால் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று பொருள்.

அத்தான்: இதைத்தான் நான் கடைசியாக எழுதலாம் என்று வைத்திருந்தேன். அவுட்பேக்கை டிரைவ், நாற்காலி, சுக்கானோடு சேர்த்தால் 45 கிலோவை ஒட்டி வரும். உங்கள் காரின் கூரையில் அதை ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். அதே நிறுவனத்தின் கம்பாஸ் 12 அடி, வெறும் உடல் 31 கிலோ. ஆரம்பம் முதலே 180 டிரைவோடுதான் வருகிறது. வசதிகள் குறைவு, நாற்காலியும் எளிமையானது. அதை நாம் மாற்றிக்கொள்ளலாம். சான் மார்கோஸில் ஒருவர் விற்பதாகப் பார்த்தேன், 1,300 டாலர். மேம்படுத்த வைத்திருக்கும் பணத்தை மீன் திரையில் போடாமல், அடித்துளைகளில் செருகும் இரண்டு சக்கர வண்டி, காரின் பின்பக்கம் உருளை வைத்த ஏற்றி, நல்ல நாற்காலி மெத்தை, சுக்கானுக்குப் புதுக் கயிறு ஆகியவற்றில் போடுங்கள். ஒரு முனையை உருளையில் சாய்த்து மறுமுனையைத் தள்ளினால் மொத்த எடையையும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டியதில்லை. தோளுக்கு மேலே கை போகாமல் அது நடக்கிறதா என்று மல்லிகா செய்து பார்த்துத்தான் சொல்ல முடியும். ஃபின்களில் நீளமானவையும் உண்டு. வேகம் கூடும், ஆனால் மிதிக்கக் கனமாக இருக்கும். முதல் கோடைக்கு வந்தவையே போதும்.

கண்ணன்: காங்கிரஸ் அவென்யூ பாலத்துக்கடியிலிருந்து கூட்டமாகக் கிளம்பும் வௌவால்களைப் பார்க்க அங்கே அந்திக்குப் பிறகு படகில் நிற்பதானால் வெள்ளை விளக்கு ஒன்றும் விசிலும் வேண்டும், அதை நான் வாங்கி அனுப்புகிறேன்.

சுமதி அக்கா: கண்ணன் செலவு செய்கிறேன் என்று சொன்னதை யாராவது படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தான்: இன்னொன்று. டிரேவிஸ் ஏரியில் 2017இலிருந்தே ஸீப்ரா மஸ்ஸல் என்ற சிப்பி பரவியிருக்கிறது, படகில் தங்கும் தண்ணீரோடு அது வேறு ஏரிக்கும் போய்விடும். அங்கே போய் வந்தால் கரையிலேயே வடிகால் திருகைத் திறந்து முழுத் தண்ணீரையும் வடித்துவிட வேண்டும், அது சட்டம். டிரைவ் குழியையும் துடைத்துக் காயவிட்டுத்தான் வேறு ஏரியில் இறக்க வேண்டும்.

சுந்தர்: சரி. அவுட்பேக்காரரிடம் நாளை இரவு வரை நேரம் கேட்டிருக்கிறேன், முன்பணம் கொடுக்கவில்லை. கம்பாஸ்காரர் நாளை மாலை ஐந்து மணிக்கு வரச் சொல்கிறார். அத்தான் டல்லாஸிலிருந்து தன் சக்கர வண்டியோடு வந்தால் அங்கேயே பொருத்திப் பார்க்கலாம். மீன் திரையைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

சுமதி அக்கா: பேச என்ன இருக்கிறது?

அத்தான்: காலையிலேயே கிளம்பிவிடுகிறேன்.

சுமதி அக்கா: நாளை நாம் மளிகைக் கடைக்குப் போவதாக இருந்தது.

பெரியப்பா: ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு வரை ராகுகாலம். ஆறு மணிக்கு மேல் முன்பணம் கொடு, தம்பி.

சுந்தர்: ஆறரைக்கு அவருக்கு வேறு ஒருவர் வருகிறாராம், பெரியப்பா.