சனிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்: அலோபேரன்டிங்

ம., மெல்பேண்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு இந்த ஊர் விலங்குகளைப் பற்றிப் பாடம் எழுதுகிறேன். இந்த வாரம் சுகர் கிளைடர், மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கித் தாவும் சின்னப் பை விலங்கு. விக்டோரியாவில் உரிமம் எடுத்து வீட்டில் வளர்க்கலாம் என்பதால் சில பிள்ளைகள் நேரிலேயே பார்த்திருக்கிறார்கள்.

கருவில் 16 நாள்தான். பிறக்கும்போது குட்டி ஓர் அரிசியளவு, 0.2 கிராம். அப்புறம் தாயின் வயிற்றுப் பையில் ஏறக்குறைய 70 நாள். பையை விட்டு வந்தாலும் கண் திறந்திராது, மயிரும் மெல்லியது. தனியே கிடந்தால் குளிர்ந்துபோகும். தாய் தீனிக்குப் போனால் தகப்பன் குட்டியை வயிற்றோடு அணைத்துச் சுருண்டு படுத்துக்கொள்ளும். ஒரே கூட்டில் இன்னொரு ஆணோ பெண்ணோ இருந்தால் அதுவும் குட்டியைச் சூடாக வைத்துக்கொள்ள உதவும்.

இதைத்தான் ஆங்கிலத்தில் அலோபேரன்டிங் என்கிறார்கள் என்று நினைக்கிறேன், இதற்குத்தான் தமிழ்ச் சொல் தேவை. "கூட்டு வளர்ப்பு" என்று எழுதினேன், திருப்தியில்லை.

---

செ., மதுரை

அம்மா, திருப்தியில்லாததற்குக் காரணம் உண்டு. வளர்ப்பு என்றால் நமக்கு மனிதர் வளர்ப்பதுதான்: ஆடு வளர்ப்பு, கோழி வளர்ப்பு. "வீட்டில் வளர்க்கும் கிளைடர்களின் கூட்டு வளர்ப்பு" என்று எழுதினால் யார் யாரை வளர்ப்பது? அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.

புறநானூறு 312ஐப் பாருங்கள். "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே." ஈனுவது ஒன்று, புறந்தருவது, அதாவது பேணிக் காப்பது, வேறொன்று. பெற்றவளே இரண்டையும் தன் கடன் என்கிறாள். இங்கே ஈன்றது ஒன்று, புறந்தருபவை பல. கூட்டுப் புறந்தரல்! இரண்டாயிரம் ஆண்டாகக் கையிலிருக்கும் சொல்.

---

க., யாழ்ப்பாணம்

செ. ஐயா, சொல் அழகுதான். ஆனால் மெல்பேணில் பிறந்த பதின்மூன்று வயதுப் பிள்ளை "புறந்தரல்" என்றால் முதுகைக் காட்டுவது என்றுதான் விளங்கிக்கொள்ளும். புறங்கொடுத்தல் பக்கத்திலேயே நிற்கிறதே.

என் சொல் செவிலி. பெறாமல் வளர்ப்பவளுக்குத் தமிழில் பெயரே இருக்கிறது, அகப்பாடல் முழுக்க அவள்தான். செவிலிப் பேணல் என்று வையுங்கள்.

---

செ., மதுரை

செவிலி பெண்பால். ம. அம்மா சொல்வதில் பாதி வேலை ஆணுடையது.

---

க., யாழ்ப்பாணம்

தமிழ்நாட்டு மருத்துவமனையில் ஆண் செவிலியர் இருக்கிறார்களே? எங்களிடம் ஆண் தாதியர். சொல் வேலையைக் குறிக்கத் தொடங்கிய பிறகு பாலை எங்கே பார்க்கிறோம்.

---

த., கோவை (விலங்கியல்)

ஒரு திருத்தம், பிறகு ஒரு கேள்வி. சுகர் கிளைடர் என்று ஒரே இனமாக எண்ணியதை 2020இல் மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். மெல்பேண் பக்கம் இருப்பது இப்போது கிரெஃப்ட் கிளைடர். பாடத்தில் ஒரு வரி சேருங்கள்.

கேள்வி: தகப்பன் பெற்றோர்தானே? அலோபேரன்டிங் என்பது பெற்றோரல்லாதவை செய்வது மட்டும். தகப்பன் செய்வது தந்தைப் பராமரிப்பு. தாய், தந்தை, மற்றவை எல்லாம் சேர்ந்த மொத்தத்துக்கு ஒரு சொல்லா, மற்றவை செய்வதற்கு மட்டுமா? செவிலி இரண்டாவதற்குத்தான் பொருந்தும். இதைப் பிரிக்காமல் எத்தனை நாள் பேசினாலும் முடியாது.

---

ம., மெல்பேண்

த. தம்பி, நன்றி, நான் குழப்பிவிட்டேன். பாடத்துக்கு வேண்டியது மொத்தத்துக்கான சொல்.

---

செ., மதுரை

குட்டி என்பதையும் கவனியுங்கள். தொல்காப்பிய மரபியலில் அணிலின் இளமைப் பெயராகக் குட்டியும் பறழும் உண்டு. இது அணிலைப்போல இருந்தாலும் அணில் இல்லை, கங்காருவுக்கு உறவு. பைக்குள் இருக்கும்வரை பறழ், வெளியே வந்தால் குட்டி என்று பிரித்தால் எவ்வளவு வசதி! ஓர் இளமைப் பெயரும் வீணாகாது. பறழ் என்ற சொல்லை நாம் சாகவிட்டுவிட்டோம் என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

---

த., கோவை

ஐயா, நாளை மறுநாள் சனிக்கிழமை.

"கூட்டுப் பேணல்" எப்படி? பேணுவதை மனிதர் வேலை என்று யாரும் மயங்கமாட்டார்கள். கூட்டு என்பது சேர்ந்து என்றும் ஆகும், கூடு + பேணல் என்று பிரித்தால் கூட்டில் நடக்கும் பேணல் என்றும் ஆகும். இந்த விலங்கு மரப்பொந்தில் இலை பரப்பிக் கூட்டமாகத் தூங்குவது. இரண்டு பொருளும் சரி.

---

க., யாழ்ப்பாணம்

கலைச்சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருக்கவேண்டும். மொத்தத்துக்குக் கூட்டுப் பேணல் என்றால் ஒத்துக்கொள்கிறேன். மற்றவை செய்வதற்குச் செவிலிப் பேணல்தான். அதை விடமாட்டேன்.

---

ம., மெல்பேண்

இன்று வகுப்பு முடிந்தது. கரும்பலகையில் கூட்டுப் பேணல் என்று எழுதினேன். படத்தில் தகப்பனின் வாலுக்கு அடியில் குட்டியின் காது மட்டும் தெரிந்தது. "அப்பா பார்த்துக்கொள்ளுது, டீச்சர்" என்றாள் ஒரு பிள்ளை. மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள், பேணல் அவர்கள் வாயில் ஏறவில்லை. கொப்பியில் மூன்று பேர் "கூட்டாகப் பார்த்துக்கொள்ளல்" என்று எழுதியிருக்கிறார்கள். நான் வெட்டவில்லை.

---

செ., மதுரை

வெட்டாதது சரி. "பார்த்துக்கொள்ளல்" வினைத்தொடர், அதிலிருந்து அடுத்த சொல் பிறக்காது. பேணலில் பேணுநர் பிறக்கும், புறந்தரலில் புறந்தருநர் பிறக்கும். அடுத்த பாடத்துக்காவது புறந்தரலை ஒருமுறை முயன்று பாருங்கள், அம்மா.