புதுப்பிப்பு: அம்மாவின் முதுகுத்தண்டு எம்ஆர்ஐ, ஆபரேஷனுக்குப் பிறகு

கீழ் முதுகில் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கி அம்மாவின் நரம்பை அழுத்துகிறது, ஆபரேஷன் தேவையா என்று முன்பு கேட்டிருந்தேன். செய்துவிட்டோம். இடது பெருவிரல் வரை இழுத்த வலி உடனே விட்டது. அப்புறம் மறுபடி குடைச்சல். பயந்தே போனோம்.

வலிக்குக் காரணம் ஆபரேஷன் தழும்பா, டிஸ்க் மறுபடி பிதுங்கியதா என்று பார்க்க, இந்த முறை கடோலினியம் (படத்தில் வித்தியாசம் காட்டும் மருந்து) ஊசியில் ஏற்றி எம்ஆர்ஐ எடுத்தார்கள். (அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய முதலில் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்தார்கள்.) தழும்புத் திசுவில் ரத்த ஓட்டம் உண்டு, மருந்து ஏறியதும் படத்தில் முழுக்க வெளுக்கும், மறுபடி பிதுங்கிய டிஸ்க் என்றால் ஓரம் மட்டும் வெளுத்து நடுப்பகுதி கறுப்பாகவே நிற்கும். அம்மாவுக்கு நரம்பைச் சுற்றி முழுக்க வெள்ளை. தழும்புதான்! மறு ஆபரேஷன் வேண்டாம் என்றார் டாக்டர், பிசியோதெரபி நடக்கிறது. பழைய பிலிமைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்த்தார்.