1200 கிலோ கேரவன் ட்ரெய்லரை டீசல் பிக்-அப்பில் இழுக்க என்னென்ன பார்க்கணும்? (கடலூர்)

மஞ்சக்குப்பம்_கேம்பர்:

வண்டி டபுள் கேப் டீசல், பி.எஸ்.6, மேனுவல், 4×4. லேடன் வெயிட் (சுமையோடு அனுமதித்த மொத்த எடை) 2500 கிலோ. ஆர்.சி.யில் லேடனுக்கும் அன்லேடனுக்கும் (காலி எடைக்கும்) வித்தியாசம் 550 கிலோ. ஒற்றை ஆக்சில் கேரவன் ஒன்று பார்த்திருக்கிறேன். தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றினால் 1200 கிலோ வரும், பிரேக் கிடையாது. ஐந்து பேர் போவோம். பெரும்பாலும் இ.சி.ஆர்., பிச்சாவரம் பக்கம், எப்போதாவது ஏற்காடு. மற்ற நாளில் வண்டி கடலூருக்குள்ளேயே மஞ்சக்குப்பம் – திருப்பாதிரிப்புலியூர் தாண்டாது.

இன்ஜின் தாங்குமா? டி.பி.எஃப். (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) அடைத்துக்கொள்ளுமா? பின்னால் இருக்கும் கார்டு பைப்பிலேயே பால் (ட்ரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டை) வைத்துத் தருகிறேன் என்கிறார் வெல்டிங் கடைக்காரர். வைக்கலாமா?

சிப்காட்_டீசல்:

முதல்ல ஓனர்ஸ் மேனுவலை எடுத்து, ட்ரெய்லர் இழுக்கலாமா, எத்தனை கிலோ வரைக்கும்னு பாருங்க சார். இழுக்கக் கூடாதுன்னு போட்டிருந்தா பேச்சு அங்கேயே முடிஞ்சுது. இழுக்கலாம்னு போட்டிருந்தா மேல படிங்க.

இன்ஜினைப் பத்திக் கவலையே வேணாம். 300 என்.எம்.முக்கு மேல டார்க் இருக்கிற எந்த டீசலும் 1200 கிலோவை இழுத்துடும். நிறுத்தறதுதான் பாடு. பிரேக் இல்லாத 1200 கிலோ பின்னால தள்ளும்போது, மழையில வளைவுல பிரேக் மிதிச்சா வண்டி மடங்கிடும். ஐரோப்பாவுல 750 கிலோவுக்கு மேல பிரேக் இல்லாத ட்ரெய்லரை ரோட்டுலயே விடறதில்ல. அந்தக் கேரவனுக்கு ஓவர்ரன் பிரேக்கோ (ட்ரெய்லர் முன்னால தள்ளுற விசையிலயே பிடிக்கிறது) எலெக்ட்ரிக் பிரேக்கோ போட்டுத் தந்தா வாங்குங்க, இல்லேன்னா விட்டுடுங்க. ஓவர்ரன்னா ஆட்டோ ரிவர்ஸ் ஹப் இருக்கான்னு கேளுங்க. அது இல்லேன்னா மேட்டுல ரிவர்ஸ் எடுக்கிறப்ப ட்ரெய்லர் பிரேக் பிடிச்சுக்கும், கிளட்ச் கருகும்.

அடுத்தது கணக்கு. ட்ரெய்லர் எடையில சுமார் 10 சதவீதம் பால் மேல உட்காரணும், அதாவது 120 கிலோ. அஞ்சு பேர் 350, சாமான் 80, அதோட 120 சேர்த்தா 550. உங்க வித்தியாசம் அப்படியே காலி, இனி ஒரு கூலர் பாக்ஸ் வைக்கக்கூட இடமில்ல. இதுலயும் ஒரு கூத்து இருக்கு. பால், பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால இருக்கு, வீல்பேஸ் (முன், பின் ஆக்சில் இடைவெளி) 3 மீட்டர்னு வச்சுக்குங்க. அந்த 120 கிலோ பின் ஆக்சில்ல 168 கிலோவா இறங்கும், முன் ஆக்சில்ல 48 கிலோ குறையும். ஸ்டியரிங் லேசாகிறதும், ஹெட்லைட் எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கிறதும் இதனாலதான். லைட்டை இறக்கற திருகு இருந்தா இறக்கிக்குங்க, பின் டயர் காத்தை ஃபுல் லோடு அளவுக்கு ஏத்துங்க.

பால் மேல எடை ஏறுதேன்னு சாமானை ட்ரெய்லர் பின்பக்கம் தள்ளிடாதீங்க. பால்ல எடை குறைஞ்சா 70–80 வேகத்துல வால் ஆட ஆரம்பிக்கும். ஆடினா பிரேக்கைத் தொடாதீங்க, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்காதீங்க. நேரா பிடிச்சு ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுங்க. எலெக்ட்ரிக் பிரேக்னா கன்ட்ரோலர்ல ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால குடுங்க, நேராயிடும். பெண்ணையாத்துப் பாலத்துல கடல் காத்து பக்கவாட்டுல அடிக்கும், கூடவே ஒரு கன்டெய்னர் லாரி உரசிட்டுப் போகும். அங்க வேகம் வேண்டாம்.

கார்டு பைப்புல பால்: கூடவே கூடாது. அது பம்பர் பிராக்கெட்டுல தொங்குறது. ஹிட்ச் (பாலைத் தாங்குற சட்டம்) ரெண்டு சேசிஸ் ரெயில்லயும் போல்ட் போட்டு உட்காரணும். ஹிட்ச் தகட்டுல டி-வேல்யூன்னு (எவ்வளவு இழுவிசை தாங்கும்னு) ஒரு எண் இருக்கும். 2.5 டன் வண்டி, 1.2 டன் ட்ரெய்லருக்கு 9.81 × (2.5 × 1.2) ÷ 3.7, கிட்டத்தட்ட 8 கிலோநியூட்டன் வருது. தகட்டுல அதுக்குக் குறையாம இருக்கணும். தகடே இல்லாத ஹிட்ச் எதுக்கு? பால் 50 மி.மீ.யா 2 இஞ்சா (50.8 மி.மீ.) என்பதையும் பாருங்க. பாலை மூடிப் பிடிக்கிற ட்ரெய்லர் கப்ளர் 2 இஞ்சா இருந்தா, அதுல 50 மி.மீ. பால் லொடலொடன்னு ஆடும்.

வில்லியனூர்_ஒர்க்‌ஷாப்:

டி.பி.எஃப். பற்றி எல்லாரும் தலைகீழாகப் பயப்படுகிறார்கள். ட்ரெய்லர் இழுக்கும்போது புகைக்குழாய் சூடாகவே இருப்பதால் கரி தானாக எரிந்துவிடும். உங்கள் டி.பி.எஃப்.பை அடைப்பது அந்தத் திருப்பாதிரிப்புலியூர் ஓட்டம்தான். இன்ஜின் சூடாகும் முன்பே சாவியைத் திருப்பிவிடுகிறீர்கள், ரீஜென் (ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிப்பது) பாதியில் நிற்கிறது. அப்போது கூடுதலாகப் பீய்ச்சிய டீசல், இன்ஜின் ஆயில் தேங்கும் சம்பில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே வந்தால் அதுதான் அறிகுறி. மேல் கோட்டைத் தாண்டினால் கிலோமீட்டர் பார்க்காமல் ஆயிலை மாற்றுங்கள். லோ சாப்ஸ் (சாம்பல் குறைவாக விடும்) ஆயில்தான் ஊற்றவேண்டும், இல்லையேல் சாம்பல் தங்கும். சாம்பல் ரீஜெனில் எரியாது.

சும்மா நிற்கும்போது ஆர்.பி.எம். சற்று உயர்ந்து, ஃபேன் ஓடி, சூட்டு வாடை வந்தால் ரீஜென் நடக்கிறது. அணைக்காமல் புறவழிச் சாலையில் 20 நிமிடம் ஓட்டுங்கள்.

கேம்ப் போடுபவர்களுக்கு ஒன்று: ரீஜென் நேரத்தில் ஃபில்டர் 600 டிகிரியைத் தொடும். நம் கடற்கரைச் சவுக்குத் தோப்பில் அடர்ந்து கிடக்கும் காய்ந்த சருகின் மேல் அந்தச் சூட்டோடு வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்க வேறெதுவும் தேவையில்லை. மணல் தெரியும் இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

டெஃப் (புகையைச் சுத்தம் செய்யும் யூரியா திரவம்) டேங்க் உள்ள வண்டியானால், இழுக்கும்போது டெஃப் செலவும் கூடும். ஆனால் கேன் கேனாக வாங்கித் தகரக் கொட்டகையில் அடுக்காதீர்கள். 30 டிகிரியில் ஒரு வருடம் தாங்குவது 35-இல் ஆறு மாதம்தான்.

ஏற்காடு: 20 கொண்டை ஊசி வளைவு. ட்ரெய்லர் சக்கரம் உள்பக்கமாக வெட்டும், எதிரில் பஸ் வந்தால் ரிவர்ஸ் எடுக்க இடமிருக்காது. என்னைக் கேட்டால் சேலத்தில் ட்ரெய்லரை விட்டுவிட்டு ஏறுங்கள். பிடிவாதமாக ஏற்றினால், இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெட்ரோல் அளவுக்கு டீசலில் இன்ஜின் பிரேக்கிங் கிடைக்காது. பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள்.

4எல் (4×4-இன் லோ கியர்) பற்றி: மணலில், ஜல்லியில் ரிவர்ஸ் எடுக்க அதைவிட நல்லது இல்லை, கிளட்ச் பிழைக்கும். தார் ரோட்டில் 4எல் போட்டு ஒடித்துத் திருப்பாதீர்கள்.

முதலியார்பேட்டை_வயரிங்:

டெயில் லைட் வயரைச் சீவி ட்ரெய்லருக்கு இழுக்காதீங்க ப்ரோ. புது வண்டியில பாடி கன்ட்ரோல் யூனிட் (லைட்டையெல்லாம் இயக்குற கம்ப்யூட்டர்) போயிடும். பேட்டரியில இருந்து தனி ஃப்யூஸோட பைபாஸ் ரிலே மாட்யூல் போடுங்க. 7 பின் சாக்கெட்: 1 இடது இண்டிகேட்டர், 2 ஃபாக், 3 எர்த், 4 வலது இண்டிகேட்டர், 5 வலது டெயில், 6 பிரேக், 7 இடது டெயில். எர்த்தை பால் வழியா நம்பாதீங்க, அதுல கிரீஸ் இருக்கும். இண்டிகேட்டர் போட்டா டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்குதுன்னா எர்த் போச்சுன்னு அர்த்தம்.

ஃப்ரிட்ஜ், பேட்டரி சார்ஜுக்கு 6 சதுர மி.மீ. வயர். போக வர 16 மீட்டர், 20 ஆம்பியர் ஓடினா 1 வோல்ட் வயர்லயே போயிடும். 2.5 வயர் போட்டா 2.4 வோல்ட் போகும், அப்புறம் ஃப்ரிட்ஜ் எங்க கூலாகும்? உப்புக் காத்துக்கு வெள்ளீயம் பூசின செம்பு வயர்தான் தாங்கும்.

மஞ்சக்குப்பம்_கேம்பர்:

நன்றி. பால் மேல் 120 கிலோதான் இருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது? கேரவனைப் புதுச்சேரியில் வாங்கினால் சிக்கல் உண்டா?

சிப்காட்_டீசல்:

வே பிரிட்ஜுல மூணு தடவை ஏத்துங்க. ஆளோட, ஃபுல் டேங்கோட வண்டி மட்டும் ஒண்ணு. ட்ரெய்லரை மாட்டி, அதோட சக்கரம் மட்டும் மேடைக்கு வெளிய இருக்கிற மாதிரி ஒண்ணு. மொத்தமா ஒண்ணு. ரெண்டாவதுல முதலாவதைக் கழிச்சா பால் எடை. மூணாவதுல முதலாவதைக் கழிச்சா ட்ரெய்லர் முழு எடை. பெரிய மேடை 10 கிலோ படியிலதான் காட்டும், அதனால பால் எடையை வீட்டு எடை மெஷின்லயும் சரிபாருங்க. சமதளத்துல ஒரு பக்கம் செங்கல், 3 அடி தள்ளி மெஷின், ரெண்டுக்கும் மேல உறுதியான பலகை. செங்கல்ல இருந்து 1 அடியில கப்ளரை இறக்குங்க, மெஷின் காட்டுறதை 3-ஆல பெருக்குங்க.

புதுச்சேரியில வாங்கலாம். ட்ரெய்லருக்குத் தனி ஆர்.சி., தனி நம்பர். இழுக்கிற வண்டியோட நம்பரும் ட்ரெய்லர் பின்னால தெரியணும். பி.ஒய். நம்பரோட கடலூர்லயே 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா டி.என்.னுக்கு மாத்தியாகணும். இன்ஷூரன்ஸ்ல ட்ரெய்லரை எழுதிச் சேர்க்கச் சொல்லுங்க. டைப் அப்ரூவல் (மாடலுக்கு அரசு அங்கீகாரம்) பேப்பர் இல்லாம பட்டறையில செஞ்சதுன்னா, விலை எவ்வளவு குறைவா இருந்தாலும் அட்வான்ஸ் குடுக்காதீங்க.