புதுப்பிப்பு: அப்பாவின் பிரஷர் மெஷின்

வீட்டு மெஷின் அப்பாவுக்கு பிரஷரைக் கூடுதலாகக் காட்டுகிறது, மாற்றலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். மாற்றவில்லை. தப்பு, கை இருந்த இடத்தில். எங்கள் தண்டையார்பேட்டை வீட்டில் அப்பா கட்டில் ஓரம் உட்கார்ந்து, கையைத் தொங்கவிட்டபடிதான் பார்ப்பார். 2024-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 133 பேருக்கு அளந்து வெளியிட்டதைப் படித்தேன்: கையை மேசையில் வைப்பதைவிட, தொங்கவிட்டால் மேல் அளவு (120/80 என்றால் அந்த 120) சராசரியாக 6.5 புள்ளி கூடுகிறது, மடியில் வைத்தால் 3.9. மாத்திரையைக் கூட்டுவதா என்று யோசிக்கிற இடத்தில் இது பெரிய வித்தியாசம்.

இப்போது அம்மாவின் தையல் மேசைதான். முதுகைச் சாய்த்து, காலை ஊன்றி, கையில் சுற்றும் பட்டை நெஞ்சு மட்டத்தில், அதற்கு முன் 5 நிமிடம் பேச்சே கிடையாது. ஒரு வாரக் குறிப்பைப் பார்த்த டாக்டர் பழைய மாத்திரையே போதும் என்றார். சரி, கையைக் கவனிக்கச் சொன்ன காசிமேட்டு நர்ஸ் அக்காவுக்கு ரொம்ப நன்றி.